மாதோட்டத்தின் கணக்கை எப்படி எழுதுவது?



அண்மையில் எமது ஆலயத்தில் திருக்கேதீச்சரப் பதிகம் ஓதி முடிந்ததும் என் மகள், "அப்பா, மாதோட்டம் எண்ட பட்டினம் இப்ப எங்கை?" என்று கேட்டாள். "மன்னாருக்குக் கிட்ட, மண்ணுக்குள்ளை" என்றேன். "அது ஆருடைய பட்டினம்?" "எங்கடை." வீடு திரும்பிய பின்னும் அந்த ஒற்றைச் சொல் என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

மண்ணுக்குள் என்ன இருந்தது? 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் மாந்தையில் அகழாய்வு நடைபெற்றது. போரினால் நின்றுபோன அப்பணி 2009-2010இல் மீண்டும் தொடர்ந்தது. சீன, பாரசீக மட்பாண்டங்களின் ஓடுகளும், நெல்லும், மிளகும், கி.பி. 900-1100 காலத்துக் கராம்பு ஒன்றும் வெளிப்பட்டன. அந்நாளில் கராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில்தான். மகாவம்சம் இத்துறையை மகாதித்த என்று அழைக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாலாவிக் கரையில் எழுந்தருளிய பெருமானைப் பாடினார்கள்.

துறைமுகம் மங்கியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் ஆலயத்தையும் இடித்தனர். 1872இல் ஆறுமுக நாவலர் அதனை மீளக் கட்டும்படி சைவ மக்களை அழைத்தார். கல் எல்லாம் போன பின்னும் இடத்தின் பெயரைக் காத்து வைத்திருந்தது பதிகமே.

நான் கணக்காளன். பங்காளியின் முதலை மறைத்து ஐந்தொகை எழுதுவது களவு என்று படித்தவன். 1995இல் வலிகாமத்தை விட்டு நடந்தபோது எனக்கு 15 வயது. எமது ஊரைப் பற்றி எழுதி, எம்மை மட்டும் விட்டுவிட்ட நூல்களைப் பார்த்துக் கொதித்திருக்கிறேன். அப்படியிருக்க, கராம்போடு கரையிறங்கியவனையும், மகாதித்த என்று அழைத்தவனையும் ஒரே சொல்லால் நான் அழிப்பது எந்த நியாயம்?

"எல்லாவற்றையும் பறிகொடுத்தவன் மற்றவனுக்கும் பங்கு எழுத வேண்டுமோ?" என்று சிலர் கேட்கலாம். எமது பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அதில் ஒரு சதமும் குறையக்கூடாது. ஆனால் கூட்டி எழுதிய ஒரு வரி அகப்பட்டால், உண்மையான மற்ற வரிகளையும் எவரும் நம்பமாட்டார். இழந்தவனுக்குக் கையில் மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

மகளுக்கு மறுபடியும் சொன்னேன்: "அங்கை எங்கடை கோயில் இருந்தது, இப்பவும் இருக்கு. வேறை ஆக்களும் அங்கை வாழ்ந்தவை." "அவை ஆர்?" என்றாள். அன்றிரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

பதிகம் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு இதனையும் சொல்லிக் கொடுப்போமாக.