ஏற்ற நிலமும் இன்றியமையாத நிலமும்

ஒரு செயலின் விளைவுக்குப் பொறுப்பாளர் யார்? கையால் செய்தவரா, செய்யுமாறு ஏவியவரா, செய்வதற்கு உடன்பட்டவரா? மூவருமே என்பது சான்றோர் கண்ட முடிபு. இன்றோ இம்மூவருக்கும் நடுவே கணிப்பொறி என்னும் நான்காவது ஒன்று வந்து அமர்ந்துள்ளது. “நான் தேர்ந்தெடுக்கவில்லை, கணிப்பொறியே தேர்ந்தது” என்று கூறி ஒருவர் விலகிக்கொள்ள இயலுமா? போர்க்காலத்தில் தற்காலிக விமானத்தளங்களுக்கு இடம் தேரும் முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

1944 ஜூன் 6ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின. போர் விமானங்கள் ஒவ்வொரு முறையும் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்து மீள்வது எரிபொருளையும் நேரத்தையும் வீணாக்கும். ஆதலின் படைப் பொறியாளர்கள் கைப்பற்றிய மண்ணிலேயே ஓடுதளங்களை அமைக்கத் தொடங்கினர். சில நாள்களில் விமானங்கள் அங்கு இறங்கலாயின. அதற்கான நிலங்கள் முன்னரே ஆராயப்பட்டிருந்தன. பிரெட் ஷாட்டன் முதலிய நிலவியல் அறிஞர்கள் வானிலிருந்து எடுத்த நிழற்படங்களையும் நிலவியல் வரைபடங்களையும் கொண்டு இங்கிலாந்தில் இருந்தவாறே அம்மண்ணை ஆய்ந்தனர். சுண்ணாம்புப் பாறையின்மேல் காற்றுப் படிவித்த நுண்மண் பரந்த மேட்டுச் சமவெளி அது. அங்கு மேடுபள்ளம் குறைவு. நீரும் எளிதில் வடியும். ஓடுதளத்துக்கு மிக ஏற்ற நிலம்தான். ஆனால் கோதுமைக்கும் அதுவே ஏற்ற நிலமன்றோ! பயிர் நின்ற வயல்களின்மேல் மண்வாரி இயந்திரங்கள் ஓடின. கம்பிவலைகளும் துளையிட்ட எஃகுப் பலகைகளும் விரிக்கப்பட்டன. கோடை வெயிலில் அந்நுண்மண் புழுதியாய் எழுந்து விமானப் பொறிகளையே கெடுத்தது.

அன்று அறிஞர் பலர் பல நாள் செய்த ஆய்வை இன்று மென்பொருள் விரைந்து செய்கின்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படைக்காக அத்தகைய மென்பொருள் ஒன்றைப் போயிங் நிறுவனம் உருவாக்கியது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து சமமாகவும் தடையின்றியும் உள்ள நிலங்களை அது தேடித் தருகின்றது. சி-130 சரக்கு விமானம் இறங்க ஏறத்தாழ 900 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் வேண்டும். மண் அந்தச் சுமையைத் தாங்குமா என்பதை மண்ணின் வகை, மழை, ஈரம் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடவும் வழிகள் வகுக்கப்பட்டன.

இதனை முற்றிலும் பழித்தல் நேர்மையாகாது. முன்பெல்லாம் மண்ணின் வலிமையை அறிய வீரர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பகைவர் நிலத்துக்குள் செல்ல வேண்டியிருந்தது; அவ்விடரை இம்முறை குறைக்கின்றது. நார்மண்டியின் தற்காலிகத் தளங்களிலிருந்துதான் காயமுற்றோர் பலர் இங்கிலாந்து மருத்துவமனைகளுக்கு வானூர்தியில் கொண்டு செல்லப்பட்டனர் என்பதையும் மறத்தல் கூடாது.

ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று, தேர்வு என்பது கேட்டதை மட்டுமே அளக்கும் என்பதாகும். வினாத்தாளில் இல்லாததற்கு மாணவன் விடை எழுதவில்லை என்றால் குறை அவனுடையதன்று, வினாத்தாளை அமைத்தவருடையது. நீளம், சரிவு, ஈரம், தடை என்பன கணிப்பொறியிடம் நாம் கேட்கும் வினாக்கள். இந்நிலம் யாருடையது, இதன் விளைச்சலை நம்பி எத்தனை குடும்பம் வாழ்கின்றது, இங்குள்ள கிணறு எவ்வூருக்கு நீர் தருகின்றது என்று கேட்டோமா? கேளாமல் விடுவதும் ஒரு செயலே. அதனைச் செய்தது கணிப்பொறியன்று.

‘தற்காலிகம்’ என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். படைக்கு அது சில வாரம் அல்லது சில மாதம். உழவனுக்கோ ஒரு பருவம் தவறினால் ஓராண்டு உணவு தவறும். கனத்த இயந்திரங்களால் இறுகிய மண் ஓர் உழவில் நெகிழ்ந்துவிடாது. போவோருக்குத் தற்காலிகமாய் இருப்பது, அங்கேயே வாழ்வோருக்கும் அவ்வாறே இருக்கும் என்று கொள்ளலாகாது.

போரின் கட்டாயத் தேவையின்றிப் பகைவரின் உடைமையையும் அழித்தலாகாது என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் கூறுகின்றன. இங்குதான் வேறுபாடு விளங்குகின்றது. கணிப்பொறி ‘இந்நிலம் ஏற்றது’ என்று சொல்லும். ‘இந்நிலம் இன்றியமையாதது’ என்று அதனால் சொல்ல இயலாது. ஏற்றது என்பது அளவையால் பெறும் முடிவு. இன்றியமையாதது என்பது, பிறர்க்கு நேரும் துன்பத்தையும் எதிரே வைத்து மனிதர் தம் நெஞ்சொடு உசாவிப் பெறவேண்டிய முடிவு. முன்னதைப் பின்னதாக மாற்றிக் கையொப்பமிடுபவர், அதன் விளைவு முழுவதையும் தம்முடையதாக ஏற்றல் வேண்டும். இழப்புக்கு ஈடு தருதலும், மேல்மண்ணை அகற்றிக் காத்துப் பின் மீளப் பரப்புதலும் அப்பொறுப்பில் அடங்கும்.

போர்க்களம் நமக்குத் தொலைவானதே. ஆனால் கணிப்பொறி தந்த பட்டியலைக் காட்டி, “நாங்கள் என்ன செய்வது?” என்று கைவிரிக்கும் வழக்கம் அத்துணைத் தொலைவில் இல்லை. அத்தகைய பட்டியலில் நாம் ஒப்பமிடும் நாள் வரும்போது, விடையைப் படிப்பதற்குமுன் வினாக்களைப் படித்துப் பார்ப்போமாக. அவற்றுள் விடுபட்டவர் யார் என்று தேடுவதே நம் முதற்கடமை.