யாருடைய மரபு?

பதுளை மாவட்டத்து அப்புத்தளையில், தோமஸ் லிப்டன் அமர்ந்து தம் தேயிலை மலைகளைப் பார்வையிட்டதாகக் கூறப்படும் உச்சி, 'லிப்டன் சீட்' என்ற பெயரில் உல்லாசப் பயணிகளை ஈர்க்கின்றது. உடைமையாளர் பெயர் மலையில் நிலைத்தது. காட்டை வெட்டித் தேயிலை நட்டோர் பெயர் நிலைக்கவில்லை. ஊவாவின் மரபைப் பேணுதல் வேண்டும் என்போர், அது எவருடைய மரபு, அதனைத் தீர்மானிப்பவர் யாவர் என்னும் வினாக்களுக்கு முதலில் விடை கூறல் வேண்டும்.

காண வருவோர்க்கு லயன் அறை ஒரு பழைய காலச் சின்னம். அதனுள் வாழ்வோர்க்கோ ஒழுகும் கூரை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயன்கள் மண்ணில் புதையுண்டதை அறிந்தோர் அவற்றைக் காட்சிப் பொருளாக்கத் தயங்குவர். காமன் கூத்தின் நிலை வேறு. மாசியில் காமன் ஊன்றிப் பல நாள் ஆடும் அதனைத் தோட்ட மக்கள் தமதெனப் போற்றுவர். அதனை விடுதி முற்றத்தில் அரைமணிக் காட்சியாகச் சுருக்கலாமா என்பதை ஆடுவோரே கூறுதல் வேண்டும்.

இவற்றைத் தீர்மானிக்க அறிஞரே தக்கார் என வாதிப்போரும் உளர். அறிவு வழிகாட்டலாம், ஆயின் இம்மக்களைக் கேளாது அவர்தம் வாழ்வைத் தீர்மானித்த வரலாறு நீண்டது. 1964ஆம் ஆண்டு இலங்கை இந்திய உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, பங்கிடப்பட்டோரின் விருப்பம் வினவப்படவில்லை.

கேட்டல் வெறுஞ் சடங்கன்று. 'வேண்டாம்' என்னும் விடையையும் ஏற்கத் துணிந்தவரே மெய்யாகக் கேட்டவராவர். லயனை இடித்து வீடு தருக, கூத்தை எம்மிடமே விடுக என அம்மக்கள் கூறின், அதுவே ஊவாவின் பண்பாட்டுத் திட்டமாதல் வேண்டும்.