கைவிடுவதன் நியாயம்

சென்ற மாதம் ஒரு மாலை, கவுன்டரை மூடிக் கணக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், பால் சங்கக் கணக்கு எழுதும் இளைஞர் ஒருவர் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிளைக்கு வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்தது. விண்டோஸ் எப்போதோ பழுதாகி, கூடவே வந்த பாஸ் லினக்ஸில்தான் அவருக்கு வேலை நடக்கிறது. வங்கிக்காரனுக்குக் கணினி தெரியும் என்பது கச்சிராயபாளையத்தில் இன்னும் மிஞ்சியிருக்கிற நம்பிக்கைகளில் ஒன்று. புதுப்பிக்கச் சொன்னால் 'கிடைக்கவில்லை' என்றே பதில் வருகிறது என்றார். பார்த்தேன். அது தேடிப்போகும் முகவரியில் ஒன்றும் இல்லை. அந்தப் பதிப்புக்குரிய காலம் முடிந்து, இருந்தவற்றைப் பழங்கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். சொன்னேன். "மெஷின் நல்லாத்தானே சார் ஓடுது, அதுக்குள்ள யாரு நிறுத்துனது?" என்று கேட்டார்.

யார் நிறுத்தியது என்பதற்குப் பதில் சொல்லலாம். நிறுத்தலாமா என்பதற்குத்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. இலவசமாகக் கொடுத்தவனுக்கு, கொடுத்ததை எத்தனை காலம் காக்கும் கடமை உண்டு?

சட்டத்தின் பதில் சுருக்கமானது: ஒரு நாளும் இல்லை. லினக்ஸ் கருநிரல் வெளியாவது 1991இல் எழுதப்பட்ட ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு உரிமத்தின் கீழ். எந்த உத்தரவாதமும் இல்லை, உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள் என்று அதில் எழுதியிருக்கிறது. விலை வாங்காதவனிடம் வழக்காட முடியாது. ஆனால் சட்டம் முடிகிற இடத்தில் தார்மீகப் பிரச்னை முடிவதில்லை. பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விவரங்களைப் பார்ப்போம். மைக்ரோசாஃப்ட் 2001இல் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவை நிறுத்திக்கொண்டது. அந்தச் சமயத்தில் தமிழக அரசு தன் அலுவலகங்களுக்குப் பரிந்துரைத்தது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை. அந்நியக் கம்பெனி ஒன்றின் இஷ்டத்துக்கு நம் அலுவலகங்கள் கட்டுப்படக் கூடாது என்ற வாதம் அன்று பலமாகக் கேட்டது. நியாயமான வாதம்தான். ஆனால் பாஸுக்கு அடித்தளம் டெபியன். அப்போது நடப்பிலிருந்த டெபியன் 7, 2013 மே மாதம் வந்தது. நீட்டித்த ஆதரவையும் சேர்த்து 2018 மே மாதத்தோடு அதன் காலம் முடிந்தது. லாபத்துக்கு விற்றவன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்தான். சுதந்திரத்தின் பெயரால் கொடுத்தவர்கள் ஐந்து ஆண்டு காத்தார்கள். இந்தக் கணக்கைக் கண்டு சங்கடப்படாத சுதந்திர மென்பொருள் அபிமானி தன்னை ஏமாற்றிக்கொள்கிறார் என்றே நினைக்கிறேன்.

சங்கடப்படலாம், குற்றம் சாட்டுவதற்கு முன் வேலை என்னவென்று பார்க்க வேண்டும். பழைய பதிப்பைக் காப்பது பெட்டியில் பூட்டி வைப்பது அல்ல. புதிய பதிப்பில் ஓர் ஓட்டை அடைபட்டால், அந்தத் திருத்தத்தைப் பழைய வரிகளுக்குப் பொருந்தும்படி மறுபடி எழுதி, வேறொன்றும் உடையவில்லை என்று சோதிக்க வேண்டும். வருஷம் ஏற ஏற இரண்டு பதிப்புகளுக்கும் இடையே தூரம் கூடுகிறது, உழைப்பும் கூடுகிறது. புதிதாகச் செய்கிற சந்தோஷமும் அதில் இல்லை. எக்ஸ்பி நிறுத்தப்பட்டதற்கு முந்தின நாள், 2014 ஏப்ரல் 7 அன்று, ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இருப்பது வெளிப்பட்டது. உலகத்தின் வங்கிகளும் கடைகளும் ரகசியம் காக்க நம்பியிருந்த மென்பொருள் அது. அதில் முழுநேரமாக வேலை செய்தவர் ஒருவர். நன்கொடையாக வந்தது ஆண்டுக்குச் சுமார் 2000 டாலர். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த ஓட்டை 2012இல் வந்த 1.0.1 பதிப்பில் நுழைந்தது. அதற்கும் பழையதை வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். புதியது எல்லாம் பத்திரமானது என்ற பேச்சும் முழு உண்மையல்ல.

நம் வட்டத்துக்குப் பழகிய உதாரணம் ஒன்று உண்டு. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். 1970இல் அது நின்றது. ஏன் இன்னும் பத்து வருஷம் நடத்தவில்லை என்று அவரைக் கேட்க யாருக்கும் யோக்கியதை கிடையாது. கைப்பணத்தையும் ஆயுளையும் போட்டவரிடம் நாம் கடன்பட்டவர்கள். அவர் நமக்குக் கடன்பட்டவர் அல்ல. ஆனால் எந்தச் சிறுபத்திரிகையானாலும், வருஷச் சந்தா வாங்கிக்கொண்டு மூன்றாம் இதழோடு சொல்லாமல் நின்றுபோனால் மனத்தில் ஒரு உறுத்தல் ஏற்படுகிறது. தொகை அற்பம், வாக்கு அற்பமல்ல. கொடை நின்றுபோகலாம், வாக்குத் தவறக் கூடாது என்பதுதான் அந்த உறுத்தலின் பொருள்.

இந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன. டெபியன் 7ஐக் காத்தவர்கள் எப்போது நிறுத்துவார்கள் என்பதை முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி நிறுத்தினார்கள். அதில் குற்றமில்லை. ரெட் ஹாட் கம்பெனி சென்டோஸ் 8ஐ 2029 வரை காக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதற்கான தேதி வெளியிடப்பட்டிருந்தது. 2020 டிசம்பரில், 2021 முடிவோடு சரி என்று அறிவித்தார்கள். காசு வாங்கவில்லை என்பது இங்கே சமாதானம் ஆகாது. தேதியை நம்பித் தங்கள் வேலையை அமைத்துக்கொண்டவர்களின் காலம் அவர்கள் கையில் இருந்தது.

நீட்டித்துக்கொண்டே போவது கருணை என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி சம்மதம்தான். பைத்தான் இரண்டாம் வரிசைக்கு 2015 என்று வைத்த கெடுவை 2020க்குத் தள்ளினார்கள். ஐந்து வருஷம் கூடுதலாகக் கிடைத்தும் கடைசி மாதங்களில் அடித்துப்பிடித்து மாறியவர்களே அதிகம். என் தொழிலிலும் பார்க்கலாம். எக்ஸ்பி நின்று நான்கு ஆண்டுக்குப் பிறகு, 2018 ஜூனில், பழைய இயங்குதளத்தில் ஓடும் ஏ.டி.எம்.களை 2019 ஜூனுக்குள் மாற்றும்படி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. வசதியற்றவனின் தாமதமும் வசதியுள்ளவனின் சோம்பலும் வெளியே ஒன்றுபோலத் தெரிகின்றன. இரண்டுக்கும் ஒரே சலுகை கொடுப்பது நீதியாகாது.

கோமுகி அணைக்குக் கிழக்கே போனால் ஏரிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டு ஏரிகளைக் காக்க ஒரு முறை இருந்தது. குடிமராமத்து என்று பெயர். தண்ணீர் எடுக்கிற ஆயக்கட்டுக்காரர்கள், நிலத்தின் அளவுக்கு ஏற்ப, கரை கட்டவும் வாய்க்கால் தூரெடுக்கவும் ஆளோ காசோ கொடுக்க வேண்டும். ஏரியை வெட்டினவன் யார் என்று யாரும் தேடுவதில்லை. கடமை வெட்டினவனிடமிருந்து தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு மாறிவிட்டது. வழக்கம் தளர்ந்தபோது 1858இல் வெள்ளையர் அரசு கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தது. திறந்த மூலநிரலுக்கு இந்த ஒழுங்கு பொருந்தும் என்று படுகிறது. பெரிய ஆயக்கட்டு வைத்திருக்கும் கம்பெனிகள் காக்கும் செலவைத் தாங்க வேண்டும். டெபியனில் இதன் சிறு வடிவம் இருக்கிறது: ஐந்து ஆண்டு தாண்டிய பதிப்புகளைப் பத்து ஆண்டு வரை காப்பதற்குச் சில நிறுவனங்கள் பணம் கட்டுகின்றன. ஆனால் தாங்கள் பயன்படுத்தும் பொதிகளுக்கு மட்டும். தன் வயலுக்கு வருகிற வாய்க்காலை மட்டும் தூரெடுப்பது போல.

குடிமராமத்தைப் பொற்காலமாக்கிப் பேசுவதில் ஒரு பொய்யும் இருக்கிறது. கூடை சுமந்தவன் பல ஊர்களில் நிலமில்லாதவன். இரவில் மடை காத்த நீர்க்கட்டிக்குச் சேரியில்தான் வீடு. பலன் ஒருவனுக்கு, முதுகு இன்னொருவனுக்கு. இன்றைய மென்பொருளிலும் நீர்க்கட்டிகள் உண்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற சிறு மென்பொருளில் திருட்டுவாசல் ஒன்று அகப்பட்டது. பல காலம் அதைச் சம்பளமில்லாமல் தனியாகக் காத்துவந்தவரை, ஏன் இவ்வளவு தாமதம் என்று சிலர் விடாமல் நச்சரித்தார்கள். சோர்ந்துபோனவர் உதவிக்கு வந்த ஒருவரிடம் பொறுப்பில் பங்கு கொடுத்தார். வாசலை வைத்தது அந்த உதவிக்காரர். இன்னும் காத்துக் கொடு என்று கேட்பவன், யாருடைய இரவைக் கேட்கிறோம் என்று யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

ஆகவே எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு ஒரே எண் கிடையாது. எழுதினவன் சொன்ன தேதி வரை காத்தால் அவன் கடன் தீர்ந்தது. அதன் பிறகு கடமை இடம் மாறுகிறது, மறைவதில்லை. மூலநிரல் திறந்திருப்பதால் யாரும் தொடர்ந்து காக்கலாம் என்பது உண்மைதான். பால் சங்கத்து இளைஞருக்கு அந்த உரிமையால் ஒரு பயனும் இல்லை. நிரலைப் படிக்க அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் கையில் அந்த இயந்திரத்தைக் கொடுத்தது டெபியன் அல்ல, அரசு. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, அந்த இயந்திரங்கள் கிராமத்தில் எத்தனை வருஷம் உயிரோடிருக்கும் என்று கணக்கிடவும் தெரிந்திருக்க வேண்டும். கடைசிக் கையில் அது ஓடுகிற காலம்தான் ஆதரவின் காலம். செலவு, கொடுத்துப் பெயர் வாங்கினவருடையது. இலவசம் என்ற சொல் கொடுத்த நாளோடு முடிந்துவிடுகிற புகைப்படச் சொல்லாக இருப்பதால்தான் இந்தக் கணக்கு யார் பேரேட்டிலும் ஏறவில்லை.

அந்த மாலை வேறு வழியின்றி அவருடைய கணக்குகளைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, டெபியன் 12ஐ ஏற்றிக் கொடுத்தேன். மெதுவாக ஓடுகிறது, ஓடுகிறது. அதன் நீட்டித்த ஆதரவு 2028 ஜூனோடு முடியும். அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டினேன். "அப்புறம் சார்?" என்றார். "அப்புறமும் வாங்க தம்பி" என்றேன். சொன்ன பிறகுதான், நானும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று உறைத்தது. அதற்குள் எனக்கு மாற்றல் வராமல் இருக்க வேண்டும்.