தாழியில் அடக்கப்பட்டோரும் மாணவரும்

பெயரும் வழிமரபும் அறியப்படாமல் மண்ணுள் கிடக்கும் ஒருவருக்கு இன்று வாழ்பவர்கள் ஏதேனும் கடன்பட்டிருக்கிறார்களா என்னும் அறவியல் வினா, ஆதிச்சநல்லூரின் ஈமத்தாழிகளையோ கீழடியை அடுத்த கொந்தகையின் எலும்புகளையோ மாணவருக்குக் காட்டும் ஒவ்வொரு முறையும் உடன் எழுகிறது. பானையின் வகையும் காலக்கணிப்பும் விளக்கப்படும் பாடவேளையில், அதை வாய்விட்டுக் கேட்போர் குறைவு.

தாமிரபரணியின் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் மேட்டில் 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. 2004-05 அகழாய்வில் மேலும் நூற்றறுபதுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. இறந்தோரின் உடலையோ எலும்புகளையோ இட்டுப் புதைத்த பெரிய மட்பாண்டமே தாழி எனப்படுகிறது. ரீ கண்டவற்றுள் நெல் உமியும் தினை வகைகளின் உமியும் உண்டு. உணவை உடன் வைத்தவர்கள், போனவருக்கும் பசி இருக்கலாம் என எண்ணியிருக்க வேண்டும்; ஆகவே அந்த உமி வேளாண்மையின் சான்று மட்டுமன்று, ஒருவர் மற்றொருவருக்கு இட்ட படையலும் ஆகும். திரும்ப எடுக்கும் எண்ணமின்றி வைத்ததை அந்நியர் கை எடுத்திருக்கிறது என்ற உண்மையை ஆய்வின் பயன் எவ்வளவு பெரிதாயினும் மறைத்துவிட முடியாது.

இறந்தவருக்கு உணர்வில்லை, உணர்வில்லாதவருக்குத் தீங்கும் இல்லை என்பது கிரேக்க மெய்யியலாளர் எபிக்கூரசின் வழிவந்த மறுப்பு. இது வலுவான வாதமே; எனினும் இறந்தவர் வருந்துவாரா என்பதை மட்டுமே அது எடுத்துக்கொள்கிறது, வாழ்பவர் எத்தகையவராக நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தொடுவதில்லை. இல்வாழ்வான் பேண வேண்டியோருள் தென்புலத்தாரை, அதாவது தென்திசையில் உறைவதாகக் கருதப்பட்ட மூதாதையரை, திருக்குறள் முதலில் வைக்கிறது. அக்கடன் குருதி உறவுக்குள் அடங்கியது எனில் தாழியிலிருப்பவர் அதற்கு வெளியே நின்றுவிடுவார். ஆனால் நீத்தாருக்கு நீர் இறைக்கும் தர்ப்பணச் சடங்கின் இறுதியில், தாயோ தந்தையோ சுற்றமோ இல்லாதவர்களுக்கென்றும் நீர் வார்க்கும் வழக்கம் இருக்கிறது. உரிமை கோர ஒருவரும் இல்லாத நிலையிலும் கடன் அழிவதில்லை என்ற கருத்து மரபுக்குள்ளேயே ஊன்றியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அறிதலே அக்கடனைத் தீர்க்கும் ஒரு வழியாகலாம். ஏனெனில் பெயரற்றோரை நினைவுக்கு மீட்க அகழாய்வைத் தவிர வேறு வாயில் பெரும்பாலும் இல்லை. அவ்வாறு ஆவதற்கு, மாணவர் முன்னிருப்பது பொருளாகுமுன் மனிதராகத் தெரிய வேண்டும். புறநானூற்றின் 256-ஆம் பாட்டில், துணையை இழந்த பெண் ஒருத்தி தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவரிடம் வேண்டுகிறாள். தாழி பற்றிய பாடம் கருப்பு-சிவப்புப் பானையின் சுடுமுறையிலிருந்து தொடங்காமல் இவளிடமிருந்து தொடங்கினால், சுடுமுறையும் அதன் பிறகு வேறு பொருள் பெறும்.

அருங்காட்சியகம் பள்ளிக்குச் செல்லும்போது ஓடுகளையும் மாதிரிகளையும் கொண்டு செல்லலாம், மாணவர் அவற்றைத் தொட்டும் பார்க்கலாம். எலும்பு அவ்வாறு பயணப்படலாகாது, தாழியும் மண்ணும் சூழ்ந்திருக்கும் இடத்திலேயே காணப்பட வேண்டும். கொந்தகையின் இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தினர் உருவாக்கிய முகங்கள் 2025-இல் வெளியாயின. ஒரு முகம் குழந்தையின் மனத்தில் நூறு அட்டவணைகள் செய்யாததைச் செய்யும்; அதே முகம் இவர் எந்த இனத்தவர் என்ற வழக்கிற்குச் சாட்சியாக நிறுத்தப்பட்டால், இறந்தவர் இரண்டாம் முறையாக வெறும் பொருளாக்கப்படுகிறார். ஆதலால் அம்முகத்தைக் காட்டும் ஆசிரியர், இனத்தையும் வயதையும் குறித்த கேள்விகளுக்குச் செல்லுமுன், இவரைப் புதைத்தவர்கள் யாராயிருக்கலாம், இவருடன் எவற்றை, ஏன் வைத்தனர் என்று மாணவரைக் கேட்பதே முறை.