ஒடுங்கியது தானாக எழுமா?

பகலில் கல்லூரியில் வேதியியல், மாலையில் மடத்துச் சைவ சித்தாந்த வகுப்பு என்று வாழ்ந்தவன் நான். ஒரு பாடம் மற்றதைத் தெளிவாக்கும் என்பதை ஒரு வேனைப் பற்றிப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

2001இல் கிரைஸ்லர் நிறுவனம் 'நேட்ரியம்' என்ற சோதனை வேனைக் காட்டியது. அழுத்தி அடைத்த ஹைட்ரஜன் உருளை அதில் கிடையாது. தொட்டியில் சோடியம் போரோஹைட்ரைடு கரைந்த நீர் இருக்கும். வினையூக்கியின்மேல் அது பாய்ந்தால் ஹைட்ரஜன் பிரியும். எரிபொருள் மின்கலம் அதை மின்சாரமாக்கும். ஒருமுறை நிரப்பினால் சுமார் 480 கிலோமீட்டர் ஓடுமாம்.

"ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது?" என்று மாணவர்களைக் கேட்டால், "ஹைட்ரைடிலிருந்து சார்" என்பார்கள். பாதிதான் சரி. வெளிவரும் எட்டு அணுக்களில் நான்கு தண்ணீருடையவை. இல்லாதது தோன்றாது, குடம் மண்ணுக்குள் முன்பே உண்டு என்பது சற்காரியவாதம். அதன்படி ஹைட்ரைடும் நீரும் முதற்காரணம். தான் மாறாமல் வினையை நடத்திவைக்கும் வினையூக்கி துணைக்காரணம். வண்டியை ஓட்டுகிறவர் நிமித்தகாரணம்.

கணக்கு இங்கே முடிந்ததாகத் தோன்றும். சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டார் முடிக்க விடமாட்டார். ஒடுங்கிய உலகம் தானாக மீண்டும் எழாது, எழுப்ப ஒரு கர்த்தா வேண்டும் என்பது அவருடைய சிவஞான போதத்தின் முதல் வாதம். வேனில் மிஞ்சுவது சோடியம் மெட்டாபோரேட். நகைப் பற்றவைப்புக்குப் பத்தர் இடும் வெங்காரத்தின் உறவு. அதைத் திரும்ப ஹைட்ரைடாக்கிக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். ஆனால் வினையின்போது வெப்பம் வெளியேறிவிட்டது. பழைய நிலைக்கு ஏற்ற அதையும் கொடுத்து, மேலும் கொடுக்க வேண்டும். வழக்கமான ஆலைமுறையில் ஒரு போரோஹைட்ரைடு மூலக்கூறுக்கு நான்கு சோடியம் அணுக்கள் செலவு. சோடியமோ உருகிய உப்பை மின்சாரத்தால் பிரித்து எடுப்பது. 2007இல் அமெரிக்க எரிசக்தித் துறை, வண்டிகளுக்கு இந்த வழி வேண்டாமென்று கைவிட்டது.

புகைக்குழாயில் நீராவி மட்டுமே வந்தது என்பது உண்மைதான். ஆனால் ஹைட்ரைடை எழுப்பிய கர்த்தா எங்கோ ஒரு மின்நிலையத்தில் இருக்கிறார். அங்கே நிலக்கரி எரிந்தால் அந்த வினையில் வேனில் போகிறவருக்கும் பங்கு உண்டு. செய்வித்தவரை விட்டு வினை விலகுவதில்லை. தூய்மையானது என்று யார் எதைக் காட்டினாலும் இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: ஒடுங்கியதை மறுபடி எழுப்பப் போகிறவர் யார், எதைக் கொண்டு?