ஒரு மணியாரத்தில் தொடங்கிய ஆட்டம்



போன மாதம் சமய வகுப்பு முடிந்ததும் ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்தான். "அண்ணே, கேம்ல ஒரு ஸ்கின் கிடைக்கும்னு குலுக்கிக்கிட்டே இருந்தேன். ஒரு தடவைக்கு அஞ்சு வெள்ளிதான். தீபாவளி அங்பாவ் காசு 180 வெள்ளியும் போயிடுச்சு. அம்மாவுக்குத் தெரியாது. இது பாவமாண்ணே?"

பாரதக் கதையைத்தான் சொன்னேன். தருமர் எடுத்ததுமே நாட்டையா பணயம் வைத்தார்? இல்லை. முதலில் வைத்தது ஒரு மணியாரம். அப்புறம் பொன், தேர், யானை. தம்பிகளும் திரௌபதியும் கடைசியில்தான். ஒவ்வொரு தோல்வியும் அடுத்த பணயத்துக்கு இழுத்தது.

2006-இல் ஒப்லிவியன் என்ற விளையாட்டில் குதிரைக் கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றபோது பலர் கேலி செய்தார்கள். இன்று பல விளையாட்டுகளை இலவசமாகவே கொடுத்து, உள்ளே கடை போடுகிறார்கள். அந்தக் கடையில் வெள்ளி செல்லாது; வைரம், ரத்தினம்தான். வெள்ளியை வைரமாக மாற்றிய நிமிடமே நமக்குக் கணக்கு மறந்துபோகுது.

விலையும் பொருளும் தெரிந்து வாங்கினால் அது வியாபாரம். காசு கொடுத்த பிறகுதான் என்ன கிடைக்கும் என்று தெரியுமானால், அது சூதுக்குப் பக்கத்து வீடு. 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், சில விளையாட்டுகளில் காசுக்கு விற்ற குலுக்கல் பெட்டிகள் சூதாட்டமே என்று சொல்லிவிட்டது. நம் வள்ளுவரோ சூதுக்கென்றே 94ஆம் அதிகாரத்தை வைத்திருக்கிறார்.

விளையாடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்குவதற்கு முன் வைரத்தை வெள்ளியாக மாற்றிக் கணக்குப் பாருங்கள். ஓர் இரவு பொறுங்கள். காலையிலும் வேண்டும் என்று தோன்றுதா, பாருங்கள். அம்மா அப்பாவின் கார்டை கைப்பேசியில் பதிந்து வைக்காதீர்கள். புலனடக்கம் என்று பெரியவர்கள் சொன்னது காட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, விரல் நுனிக்கும்தான்.

இன்னொன்றும் உண்டு. சூதுக்கு அழைக்க வந்த விதுரரே, அது கேட்டுக்கு வேர் என்று தருமரிடம் சொன்னார். அவர் கேட்டும் போனார். நமக்கும் ஒரு விதுரர் வேண்டும். மறைக்கிற வரைக்கும் ஆட்டம் நிற்காது.

அதனால் தம்பியிடம், "பாவக் கணக்கு அப்புறம் இருக்கட்டும். முதலில் அம்மாகிட்ட சொல்லு," என்றேன். மறுவாரம் வந்தான். "நல்லா திட்டு வாங்கினேண்ணே. ஆனா அன்னைக்குத்தான் நல்லா தூங்கினேன்."

இன்றிரவு நீங்கள் யாரிடம் சொல்லப்போகிறீர்கள்?