கூரைக்கடியில் புனலாட்டு

குடும்பமாக நீரில் இறங்கிக் களிப்பதைத் தமிழர் சமய மரபு வழிபாட்டுக்குப் புறம்பாக வைத்ததில்லை. ஆடிப்பெருக்கன்று கலவை சாதம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும் குடும்பம் காதோலை கருகமணியும் மஞ்சளும் பூவும் வைத்துப் புதுவெள்ளத்தை வணங்கும். பிள்ளைகள் சப்பரம் இழுப்பார்கள், தண்ணீரில் குதிப்பார்கள். பிறகு எல்லோரும் மணலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இதில் பூசை எங்கே முடிந்தது, பொழுதுபோக்கு எங்கே தொடங்கியது என்று யாரும் கோடு கிழித்ததில்லை. வையையில் நீராடும் மதுரை மக்களின் களிப்பைச் சொல்லும் பாடல்கள், செவ்வேளையும் திருமாலையும் போற்றும் பாடல்களோடு ஒன்றாகத்தான் பரிபாடலில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. மாசி மகத் தீர்த்தவாரியில் சாமியே நீராட எழுந்தருளுகிறார்.

இதற்குத் தத்துவப் பின்புலமும் உண்டு. எந்தக் குறையும் இல்லாத பரம்பொருள் எதற்காக உலகைப் படைத்தது என்ற கேள்விக்குப் பிரம்ம சூத்திரம் தரும் விடை, அது விளையாட்டு என்பதே. அரிஸ்டாட்டில் இப்படிக் கருதவில்லை. இளைப்பாறி மீண்டும் செயலாற்றுவதற்காகத்தான் விளையாட்டு, அதுவே வாழ்வின் இறுதிப் பயன் ஆகாது என்றார். இரண்டில் எதை ஏற்றாலும் பிள்ளைகளோடு தண்ணீரில் ஒரு நாளைக் கழிப்பது குற்றமாகாது.

சிக்கல் தொடங்குவது தண்ணீர் குறைவான நிலத்தில். கட்டணம் வாங்கி, கூரைக்கடியில், பருவம் பாராமல் அதே களிப்பைத் தரும் நீர் விளையாட்டு அரங்கு அறத்துக்கு ஒத்ததா? இந்தக் கேள்வியை எடைபோட ஜோலார்பேட்டையைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. 2019 ஜூலை 12 அன்று, வறட்சியில் தவித்த சென்னைக்கு இந்த ஊரிலிருந்து முதல் தண்ணீர் ரயில் புறப்பட்டது. 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் காவிரிக் குடிநீர் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றை நிரப்பவும் இதே 25 லட்சம் லிட்டர்தான் வேண்டும். ஒரு மாநகரின் தாகத்துக்கு ரயிலேறிய நீரும் ஒரு குளத்தின் நீரும் ஒரே அளவு என்றால் விளையாட்டு நியாயமற்றது என்று தோன்றும்.

ஆனால் இந்தக் கணக்கு பாதி உண்மைதான். குளத்து நீரை வடிகட்டி, குளோரின் கலந்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஆவியாவதும் சிதறுவதும் வடிகட்டியைக் கழுவ விடுவதும் மட்டுமே ஈடுசெய்ய வேண்டியவை. இதற்கு மாறாக, இதே வட்டாரத்தின் பிழைப்பான தோல் தொழிலைப் பாருங்கள்: ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். அதாவது ஒரு ரயில் நீர் சுமார் 70 டன் தோலுக்குத்தான் காணும். அருகிலுள்ள ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்ட கழிவுநீர் உப்பும் குரோமியமும் சுமந்து பாலாற்றுப் படுகைக்குள் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைக் குறித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியையும் நிலைநாட்டியது. பிழைப்புக்குச் செலவிட்ட நீர் தூய்மையான செலவு, மகிழ்ச்சிக்குச் செலவிட்ட நீர் வீண்செலவு என்ற பிரிவினை இங்கே நிற்கவில்லை.

தோல் தொழிலில் முஸ்லிம்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் வேறொரு அளவுகோலும் வழக்கில் உண்டு. ஓடும் ஆற்றங்கரையில் தொழுகைக்காக உளூச் செய்து கைகால் கழுவினாலும் நீரை விரயமாக்கக் கூடாது என்ற நபிமொழி இப்னு மாஜாவின் தொகுப்பில் உள்ளது. வணக்கத்துக்கான நீருக்கே அளவு உண்டு என்றால், நோக்கம் உயர்ந்தது என்பதற்காக விரயம் மன்னிக்கப்படாது. விளையாட்டுக்கான நீரையும் இதே கோலால்தான் அளக்க வேண்டும்.

அளவைவிட ஆழமான வேறுபாடு கூரையில் இருக்கிறது. கனடாவின் எட்மன்டன் நகரில் 1986இல் உள்ளரங்க நீர்ப் பூங்கா திறக்கப்பட்டபோது கூரைக்குக் காரணம் உறைபனிக் குளிர். தமிழ்நாட்டில் கூரை மறைப்பது மழையையும் வறட்சியையும்தான். ஜோலார்பேட்டைக் குடும்பங்கள் குளிக்கப் போகும் ஜலகாம்பாறை அருவி ஏலகிரி மலையில் மழை பெய்தால் கொட்டும், கோடையில் வற்றும். அங்கே போய் ஏமாந்து திரும்பும் குழந்தைக்கும் மலையின் நிலை தெரிந்துவிடும். காவிரி வறண்ட ஆண்டுகளில் திருச்சி அம்மா மண்டபத்தில் மக்கள் குழாய் நீரில் குளித்து ஆடிப்பெருக்கு கொண்டாடியதுண்டு. அதுவும் பருவம் தந்த நீரல்லவே என்று கேட்கலாம். ஆனால் அவர்கள் நின்றது ஆற்றின் படித்துறையில்; ஆறு வரவில்லை என்பது அங்கே ஒவ்வொருவர் கண்ணிலும் பட்டது. பழைய புனலாட்டில் களிப்பும் ஆற்றைப் பற்றிய அறிவும் ஒன்றாகவே கிடைத்தன. அரங்கு களிப்பை மட்டும் தருகிறது. அதன் உண்மையான குறை இதுதான்.

இந்தக் குறைக்கான பொறுப்பை நுழைவுச் சீட்டு வாங்கும் குடும்பத்தின் தலையில் சுமத்துவது முறையல்ல. அந்த அறிவைத் திருப்பித் தரும் கடமை அரங்கை நடத்துபவருக்கும் உரிமம் தருபவருக்கும் உரியது. நிரப்பும் நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா லாரியிலிருந்தா, அதனால் பக்கத்துக் கிணறுகளின் மட்டம் இறங்குகிறதா, வடிகட்டியைக் கழுவிய நீர் எந்த ஓடையில் கலக்கிறது என்பவற்றைக் குளிக்க வருபவர் படிக்கும்படி வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும்.